கறுப்பு வெள்ளையில் ஞானாபரணம்

ஷட்டரை யாரோ தடதடவென்று அறைந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதி இறக்கிவிட்டிருந்த ஷட்டர்தான். குனிந்தால் உள்ளே வந்துவிடலாம். வந்த ஆளுக்கு அது தோன்றவில்லை. இரண்டு கைகளாலும் தகரத்தை அடித்துக்கொண்டே இருந்தார்.

கிளாடிஸ் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து ஓடி ஷட்டரைத் தூக்கினாள். வெளியே ரூத் நின்றிருந்தாள். காலையில் சர்ச்சுக்குக் கட்டி வந்த அதே புடவை. ஒரு காலில் மட்டும் செருப்பு.

"கிளாடிஸ், எங்கப்பா இங்க வந்தாரா கண்ணு?"

"இல்லீங்கக்கா. என்னாச்சு?"

"காணோம் கண்ணு. ஆராதனை முடிஞ்சு வெளியில பேசிட்டு நின்னோம். என்ற கையைப் புடிச்சுட்டுத்தான் நின்னாரு. வெயில் அடிக்குதேன்னு குடையை விரிக்கக் கையை விட்டேன். விரிச்சுப்போட்டுத் திரும்பறேன், ஆள் இல்ல."

ரூத் ஸ்டுடியோவுக்குள் வந்து, படம் எடுத்துக்கொள்பவர்கள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ரூத்தின் அப்பா ஞானாபரணம் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எண்பதை நெருங்கும் வயது. மனைவி போன பிறகு மறதி வந்தது. பெயரைக் கேட்டால் கணீரென்று சொல்வார். ஊரைக் கேட்டால் தான் வேலை பார்த்த ஸ்டேஷன்களில் ஒன்றைச் சொல்வார். ஒவ்வொரு தடவையும் வேறு ஸ்டேஷன். உடம்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை. நடக்க ஆரம்பித்தால் போத்தனூர் போதாது அவருக்கு.

"போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லியாச்சாக்கா?"

"அண்ணன் போயிருக்குது. சர்ச்சுப் பசங்க வண்டி எடுத்துட்டுச் சுத்தறாங்க. ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாப்பு எல்லாம் பாத்தாச்சு. இங்க போன மாசம் வந்தாருல்ல, அந்த ஞாபகத்துல வந்திருப்பாரோன்னு..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரூத்தின் அண்ணன் எபினேசர் வந்துவிட்டார். வியர்த்து ஒழுகியது. உட்காரவில்லை.

"கிளாடிஸ், போட்டோ வேணும். போலீஸ்லயும் கேக்கறாங்க, போஸ்டரும் அடிச்சு ஒட்டிறலாம்னு இருக்கறேன். எங்க போன்ல இருக்கறது ஒண்ணும் ஆகாது. எல்லாம் கேக் வெட்டறப்ப எடுத்தது. அப்பா காது ஒண்ணுல, மண்டை ஒண்ணுல. நீ எடுத்தியே, அந்தப் படத்தைக் குடு. அதுதான் மொகம் தெளிவா இருக்குது."

கிளாடிஸுக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் படங்கள் அவளுடைய யோசனை. சபையில் ஆண்டுதோறும் முதியோர் ஞாயிறு என்று ஒன்று உண்டு. எழுபதைத் தாண்டியவர்களுக்கு ஆயர் சால்வை போர்த்துவார். சால்வை நேராகப் பீரோவுக்குப் போகும். இந்த வருஷம் சால்வை வேண்டாம், எல்லோரையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்துச் சபைக் கூடத்தில் வரிசையாக மாட்டுவோம் என்று அவள்தான் சொன்னாள். கல்யாண ஆல்பங்களில் ரோஜாப்பூவும் நீர்வீழ்ச்சியும் ஒட்டி ஒட்டி அலுத்துப்போனவளுக்கு அது பெரிய ஆசை.

ஞானாபரணத்தைப் படம் எடுத்த நாள் சுலபமாக இருக்கவில்லை. ஃபிளாஷ் விளக்கைப் பார்த்தால் எழுந்து நின்றுவிடுவார். கடைசியில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, வடக்கு ஜன்னலைத் திறந்து, அந்த வெளிச்சத்தில் முக்காலியைப் போட்டாள். பின்னால் கறுப்புத் துணி. அப்போதும் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அய்யா, கோயமுத்தூர்ப் பக்கமிருந்து வண்டி வருதுங்களா பாருங்க" என்றாள்.

தலை நிமிர்ந்தது. கண்கள் ஜன்னலைத் தாண்டி எங்கோ தூரத்தில் நிலைத்தன. தாடை இறுகியது. பல பேருடைய உயிருக்குப் பொறுப்பான ஒரு மனிதர் அந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். கிளாடிஸ் அன்று எடுத்த ஒரே நல்ல படம் அதுதான்.

எடிட் செய்யும்போது எபினேசர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாஞ் செரி. அந்த மண்டையை மட்டும் ஏதாச்சும் பண்ணு அம்மணி."

மண்டை ஊரறிந்த விஷயம். ஞானாபரணத்தின் மனைவி இருந்த காலத்தில் மாதம் ஒருமுறை அவருக்கு மருதாணி அரைத்துத் தலையில் பூசுவாள். அவள் போன பிறகு அவரே பூசிக்கொண்டார். பூசியது மறந்து மறுபடியும் பூசினார். தலை, மீசை, புருவம் எல்லாம் பழுத்த ஆரஞ்சு நிறம்.

"அதெல்லாம் தானாப் போயிருங்கண்ணா. கறுப்பு வெள்ளைதான."

நிறத்தை எடுத்தாள். தலை மங்கிய சாம்பலாக விழுந்தது. ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் பட்டையை மெல்ல நகர்த்தினாள். முடி பஞ்சுபோல வெளுத்தது. முகமும் சேர்ந்து ஒளிர்ந்தது. பின்னணியை ஆழமான கறுப்பாக்கினாள். கன்னத்திலிருந்த சவரக் கீறல், காலரிலிருந்த குழம்புக் கறை, காது மெஷினின் வயர் எல்லாவற்றையும் துடைத்தாள். சுருக்கங்களில் மட்டும் கை வைக்கவில்லை.

எபினேசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் பார்த்தார். "இதுதான் எங்கப்பா" என்றார்.

கூடத்தில் மாட்டிய நாளில் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால்தான் நின்றார்கள்.

அதே படத்தைத்தான் கிளாடிஸ் இப்போது எபினேசரின் போனுக்கு அனுப்பினாள். தெளிவு குறையாமல், பெரிய அளவில்.

---

ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் பிரஸ் உக்கடத்துப் பக்கம் ஒன்று இருந்தது. நடத்துபவர் கிருபாசங்கர். எந்த நேரத்தில் போனாலும் ஒரு மணி நேரத்தில் போஸ்டர் ஓட்டிக் கொடுப்பார். கலர் என்றால் மறுநாள் ஆகும், ஒரே மை என்றால் உடனே ஓட்டிவிடலாம் என்றார். படமே கறுப்பு வெள்ளைதானே என்று எபினேசர் சொன்னார்.

"'காணவில்லை'ன்னு மேல பெரிசாப் போட்டர்லாங்களா?"

எபினேசருக்கு அது பிடிக்கவில்லை. "கொட்டை எழுத்துல போட்டா ஏதோ ஓடிப்போன ஆள் மாதிரி இருக்குதுங்க. அப்பா கவுரவமான மனுசன். படத்தைப் பெரிசாப் போடுங்க. பேரைப் பெரிசாப் போடுங்க. மத்ததெல்லாம் கீழ வரட்டும். மேல ஒரு சிலுவை, ஒரு வசனம் போட்டுருங்க. கர்த்தர் பாத்துக்குவாரு."

"செரிங்க. வழக்கமாப் போடற மாதிரியே போட்டர்றனுங்க."

அச்சுக்குப் போகும் முன் போஸ்டரின் மாதிரி வாட்ஸ்அப்பில் கிளாடிஸுக்கு வந்தது. அவள் அதை இரண்டு விரலால் விரித்து, முகத்தை மட்டும் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே மை அப்பிவிடும் போலிருந்தது. அந்த இடத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கச் சொல்லிப் பதில் போட்டாள். பிரஸ்காரர் அப்படியே செய்தார். அச்சில் முகம் அவ்வளவு துல்லியமாக விழுந்தது.

திங்கட்கிழமை காலை ரூத்தின் வீட்டுக்காரர் ஜோஸ் போஸ்டர் கட்டையும் பசை வாளியையும் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். காங்கேயத்துக்கும் கோவைக்கும் தேங்காய் எண்ணெய் டின் ஏற்றி ஓட்டும் வண்டி அது. சிங்காநல்லூர், சூலூர், பல்லடம், காங்கேயம் என்று வழியிலிருந்த பஸ் ஸ்டாண்டு ஒன்றையும் விடவில்லை. சபைப் பையன்கள் மதுக்கரை முதல் சத்தியமங்கலம் வரைக்கும் மற்ற திசைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

கிளாடிஸ் ஸ்டுடியோவைத் திறக்காமல் ரூத்தின் வீட்டிலேயே இருந்தாள். எபினேசரின் போன் மேஜை நடுவில் சார்ஜரோடு கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. யாருடைய பார்வையும் அதை விட்டு நகரவும் இல்லை. மின்விசிறிக் காற்றில் காலண்டர் தாள் அசைந்தால்கூட மூன்று பேரும் திரும்பினார்கள்.

"சோத்துக்கு என்ன பண்ணுவாரோ" என்றாள் ரூத். "மாத்திரை போடாம ரண்டு நாளாச்சு. குடையை அப்பறமா விரிச்சிருந்தா என்ன கெட்டுப்போச்சு எனக்கு?"

"சும்மா இருங்கக்கா. உங்க தப்பு இல்ல."

"வேற ஆரு தப்பு?"

கிளாடிஸ் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் எடுத்து வந்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. எபினேசர் பாய்ந்து எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். வயதான ஒருவரின் குரல்.

"தம்பி, மதுக்கரையிலிருந்து பேசறனுங்க. போஸ்டர் பாத்தமுங்க. அய்யாகூட நான் வேலை பாத்திருக்கறேன்."

"அப்பாவைப் பாத்தீங்களா? எங்கீங்க?"

"எங்க ஸ்டாப்புல ஒட்டியிருக்குதுங்களே, அங்கதான் பாத்தேன். மனசே ஆறலீங்க. எந்தச் சர்ச்சுங்க?"

"போத்தனூர்ங்க."

"செரிங்க தம்பி. இன்னும் ரண்டு பேர்த்துக்குச் சொல்லிப்போட்டு வந்தர்றமுங்க. மனசைத் தேத்திக்கோங்க."

வைத்துவிட்டார். எபினேசரின் கண் கலங்கியிருந்தது. "பாத்தியா ரூத், தேடறதுக்கு ஆள் கூட்டிட்டு வராங்களாம். அப்பா மேல எத்தன பேர்த்துக்குப் பிரியம்."

ரூத் தலையசைத்தாள். அதற்குப் பிறகு போன் அடிக்கவே இல்லை.

---

சாயங்காலம் ஜோஸ் திரும்பி வந்தார். கையெல்லாம் பசை காய்ந்து உரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்தார்.

"எல்லா எடத்துலயும் ஒட்டிப்போட்டேன். காங்கேயத்துல டீக்கடைக்கு நேரா, தூணுல. ஒருத்தருக்கும் கண்ணுல படாமப் போகாது." அப்புறம், மனதிலிருந்ததை அடக்க முடியாமல் சொன்னார்: "ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்காதீங்க மச்சான். எங்க மாமனாரைப் பாதிப் போத்தனூருக்கு மருதாணி மண்டைன்னு சொன்னாத்தான் தெரியும். போஸ்டர்ல பேராயர் மாதிரியல்ல இருக்காரு!"

யாரும் சிரிக்கவில்லை. கிளாடிஸ் எழுந்து நின்றுவிட்டாள்.

வழியில் ஒரு கிழவரைப் பார்ப்பவனுக்கு முதலில் தெரிவது எது? அந்த ஆரஞ்சுத் தலை. அரைக் கிலோமீட்டர் தூரத்திலிருந்தே தெரியும். அதைத்தான் அவள் பட்டையை நகர்த்தி நகர்த்தி வெளுக்க வைத்திருந்தாள்.

"அண்ணா, என்ற தப்புங்க. வேற படம் போடணும். கலர்ல."

"இனி பிரஸ்ல குடுத்து..."

"பிரஸ் வேண்டாம். நானே எடுத்துத் தாரேன்."

ஸ்டுடியோவுக்கு ஓடினாள். அன்று எடுத்த மூலப்படம் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. திறந்தாள். திரையில் ஆரஞ்சு மீசையும் ஆரஞ்சுப் புருவமுமாக ஞானாபரணம். போன மாதம் அழித்தவை எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. சவரக் கீறல் இருந்தது. குழம்புக் கறை இருந்தது. வயர் காதிலிருந்து சட்டைப் பைக்கு இறங்கியது. எதையும் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் பழக்கத்தில் கை மவுஸைப் பிடித்தது. கண்ணுக்கு ஒரு துளி வெளிச்சம் கூட்டலாமா என்று யோசித்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். கூட்டி என்ன ஆகப்போகிறது? இந்தப் பெட்டிக்குள் அவரை வெளுக்க வைக்க முடியும், இருட்டாக்க முடியும், இருபது வயது குறைக்கக்கூட முடியும். எங்கே இருக்கிறார் என்று பார்க்க முடியாது.

பிரிண்டரில் இருந்த தாள் தீரும் வரை அந்தப் படத்தை எடுத்தாள். 

---

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் ஜோஸின் வண்டியில் கிளம்பினார்கள். ஜோஸ் ஓட்ட, ரூத் நடுவில், கிளாடிஸ் ஜன்னலோரம், மடியில் கலர் படங்கள். மதுக்கரைக்காரர்கள் வந்தால் வழி சொல்ல ஆள் வேண்டும் என்று எபினேசர் வீட்டிலேயே இருந்துகொண்டார். பின்னால் காலி டின்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே வந்தன.

ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் இறங்கினார்கள். போஸ்டருக்குப் பக்கத்தில் கலர் படத்தை ஒட்டினார்கள். பூக்கடை, செல்போன் கடை, கட்டணக் கழிப்பிட வாசலில் உட்கார்ந்திருப்பவர் என்று ஒருவர் விடாமல் கேட்டார்கள்.

சிங்காநல்லூரில் யாரும் பார்க்கவில்லை. சூலூரில் ஒரு பெண் அந்தத் தலையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ரூத்தின் முகத்தைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பல்லடத்தில் ஒரு கண்டக்டர் இந்த மாதிரி ஆளைத் தன் பஸ்ஸில் ஏற்றிய ஞாபகம் என்றார். எப்போது என்றால் போன தீபாவளிக்கு முன்னால் என்றார்.

"விடுங்கக்கா" என்றாள் கிளாடிஸ். "இன்னும் காங்கேயம் இருக்குதுல்ல."

"காங்கேயம் முடிஞ்சா?"

ஜோஸ் கியரை மாற்றினார். வெயில் ஏறிவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் முள்வேலி போட்ட காய்ந்த மேய்ச்சல் காடுகள். வேலிக்குள் மாடுகள் தலை தாழ்த்தி நின்றன. ஒவ்வொரு வேப்பமரத்தின் அடியிலும் ரூத் எட்டிப் பார்த்தாள். ஒரு நிழலில் யாரோ படுத்திருக்க, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். ஆடு மேய்க்கிறவர். எழுந்து உட்கார்ந்து, "ஏனுங்க அம்மணி, ஆரத் தேடறீங்க?" என்றார். சொன்னதும், கூடவே நடந்து வந்து வண்டிக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

காங்கேயம் பஸ் ஸ்டாண்டில் தூணில் போஸ்டர் அப்படியே இருந்தது. ஒரு மூலைகூடக் கிழியவில்லை. கறுப்புக்குள்ளிருந்து ஞானாபரணம் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு நேர் எதிரே சென்னிமலை என்பவரின் டீக்கடை. அவர் கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கடை வாசலில் ஒரு பெஞ்சு.

கிளாடிஸ் கலர் படத்தை நீட்டினாள். "ஏனுங்கண்ணா, இவரை இந்தப் பக்கம் எங்கயாச்சும் பாத்தீங்களா?"

சென்னிமலை ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். பார்த்தார். தூணைத் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் கையிலிருந்த படத்தைப் பார்த்தார். டம்ளர் ஒன்று உருண்டு தொட்டிக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

"இது... அங்க ஒட்டியிருக்கற அய்யாதானுங்களா?"

"அவரேதானுங்க. இதுதான் இப்ப இருக்கற மாதிரி."

"நேத்துச் சாயங்காலம் இந்தப் பெஞ்சுலதானுங்க உக்காந்திருந்தாரு."

ரூத் கிளாடிஸின் தோளைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"நல்லா இருந்தாருங்களா? எங்கப்பாவுங்க அவரு. நடக்கறாரா?"

"நல்லாத்தானுங்க இருந்தாரு. டீ கேட்டாரு. ரண்டு பன்னு எடுத்துத் தின்னாரு. காசு கேக்க எனக்கு மனசு வல்லீங்க. சட்டையெல்லாம் ஒரே புழுதி. சித்த நேரம் ரோட்டையே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. அப்பறம் ஒரு பஸ்ஸு வந்து நின்னுது, ஏறிப் போயிட்டாருங்க."

"எந்தப் பஸ்ஸு?"

"கவனிக்கலீங்களே அம்மணி. அந்நேரத்துக்கு ஈரோடு, தாராபுரம், கரூர் எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும்."

மூன்று ஊர்ப் பெயர்களும் மூன்று பக்கம் போயின. ரூத் பெஞ்சில் உட்கார்ந்தாள். பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள், இன்னும் சூடு இருக்கிறதா என்பதுபோல.

பின்னால் நின்ற ஜோஸ் பொங்கிவிட்டார்.

"ஏனுங்க, மனுசன்தான நீங்க? உங்க மூஞ்சிக்கு நேரா நேத்து மத்தியானம் ஒட்டிப்போட்டுப் போயிருக்கறேன். கீழ போன் நம்பர் இருக்குது. சாயங்காலம் ஆளே வந்து முன்னால உக்காந்திருக்கறாரு. நிமிந்து ஒருக்காப் பாக்க முடியலீங்களா உங்களால? ஒரே ஒரு போன். எங்க இருந்தாலும் ஓடி வந்திருப்பமே!"

சென்னிமலை கோபப்படவில்லை. கையிலிருந்த கலர் படத்தை, மடங்கிவிடாமல், மெதுவாக ரூத்தின் மடியில் வைத்தார்.

"பாக்காம இல்லீங்க. அவரையும் பாத்தேன், போஸ்டரையும் பாத்தேன், மொகம் அச்சு அசலா அப்படியேதான் இருந்துது. ஆனா செத்துப்போன மனுசன் எப்படீங்க எங்கடையில வந்து உக்காந்து டீ குடிப்பாரு, அவரு தம்பியா இருக்கும்னு நெனச்சுப்போட்டனுங்க."